பிண்ணாக்கில் பாலாவது எவ்வளவு, வீணாவது எவ்வளவு?

(கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் பேச வந்திருக்கிறார் என்றால், தவணை கட்டாதவர்களின் பட்டியலைத்தான் வாசிக்கப்போகிறார் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கலாம். அந்தப் பட்டியல் என் பையில் இருக்கிறது. ஆயினும் இன்று அதை எடுக்கப்போவதில்லை. கடன் தவணை தவறுவதற்கு மாட்டுத் தொட்டியிலேயே ஒரு காரணம் இருக்கிறது என்பதை நான் சில காலத்திற்கு முன் கண்டறிந்தேன். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன். நான் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன். கால்நடை வைத்தியன் அல்லன். கால்நடை டாக்டர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் பார்த்தும், கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டதையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் வேறொரு கிராமத்தில் இதைப்போன்ற கூட்டம் ஒன்றில், "பிண்ணாக்கு எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவு பால் கறக்கும், செலவுக்கு அஞ்சாதீர்கள்" என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கூட்டத்தில் விதவை அம்மாள் ஒருவர் இருந்தார். சங்கக் கடனில் வாங்கிய கலப்பினப் பசு ஒன்றே அவருடைய சொத்து. அது கன்று ஈன்ற பின் 1 கிலோ கடலைப் பிண்ணாக்குத் தின்று நாளொன்றுக்கு 7 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. என் பேச்சைக் கேட்ட அம்மாள் பிண்ணாக்கை ஒன்றரைக் கிலோவாகவும், பிறகு 2 கிலோவாகவும் உயர்த்தினார். பால் 9 லிட்டராயிற்று. அம்மாளுக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை. அதன்மேல் கடையில் கடன் சொல்லி 3 கிலோவாக்கினார். பால் 9 லிட்டரிலேயே நின்றுவிட்டது.

நான்கு மாதம் கழித்து நான் கணக்குப் பார்க்கப் போனபோது, அம்மாள் இரண்டு தவணை பாக்கி. பிண்ணாக்குக் கடையிலும் பாக்கி. பசுவுக்கு இரண்டு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. "ஐயா, தாங்கள் சொன்னபடிதானே போட்டேன்? மாடு தின்றுவிட்டது, பால் எங்கே போயிற்று?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பிரசங்கம்.

புரதம் என்பது யாது?

பிண்ணாக்கை நாம் விலை கொடுத்து வாங்குவது அதிலுள்ள புரதச் சத்துக்காக. பால், தசை, தோல், கொம்பு, கருவிலுள்ள கன்று ஆகிய எல்லாவற்றிற்கும் புரதம் வேண்டும். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இல்லாத ஒரு பொருள் புரதத்தில் உண்டு. அதுதான் நைட்ரஜன். பயிருக்கு உரமிடும்போது நாம் தழைச்சத்து என்று சொல்லுவதும் இதுவே. பருப்புச் செடியின் வேரிலும், யூரியா மூட்டையிலும், கடலைப் பிண்ணாக்கிலும், பாலிலும், மாட்டு மூத்திரத்திலும் இருப்பது ஒரே நைட்ரஜன். இடம்தான் வேறு.

டென்மார்க் தேசத்துத் தலைநகராகிய கோபன்ஹேகனில் கெல்டால் என்னும் ரசாயன சாஸ்திரி 1883 ஆம் வருஷத்தில் ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்க எளிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். தீவனங்களில் அவ்வாறு அளந்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் அத்தீவனத்தின் புரதம் எவ்வளவென்று ஏறக்குறையத் தெரியும். தீவன மூட்டைமேல் "புரதம் நூற்றுக்கு இவ்வளவு" என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்கின்படிதான். ஆகையால் புரதத்தைப் பற்றிப் பேசுவது நைட்ரஜனைப் பற்றிப் பேசுவதேயாம்.

நம் பக்கத்துத் தீவனங்களில் உலர்ந்த நிலையில் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய எவ்வளவு என்பதைக் கீழே காண்க. சரக்கின் தரத்திற்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும்.

கடலைப் பிண்ணாக்கு — 40 முதல் 45
எள்ளுப் பிண்ணாக்கு — 35 முதல் 40
பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு (தோலுடன்) — 20 முதல் 25
தேங்காய்ப் பிண்ணாக்கு — 20 முதல் 24
அகத்தித் தழை — 20க்கு மேல்
வேலிமசால் — 17 முதல் 20
அரிசித் தவிடு — 12 முதல் 14
கம்பு — 10 முதல் 12
மக்காச்சோளம் — 8 முதல் 10
கம்பு நேப்பியர் புல் — 8 முதல் 10
சோளத்தட்டு — 3 முதல் 5
நெல் வைக்கோல் — 3 முதல் 4

மாட்டுக்கு முன்னே கிருமிகள் உண்ணுகின்றன

நாம் உண்ணும் பருப்பு நேராக நம் குடலில் ஜீரணமாகிறது. பசுவின் காரியம் அப்படியன்று. பசுவுக்கு வயிறு நான்கு அறைகளாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். முதல் அறை பெரியது. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கணக்கற்று வாழ்கின்றன. இவை நோய்க் கிருமிகள் அல்ல. பசுவுக்குச் சமையற்காரர்கள் என்றே சொல்லலாம். நாம் போடும் தீவனத்தை முதலில் உண்ணுவன இக்கிருமிகளே. அவை வைக்கோலை நொதிக்கச் செய்கின்றன. பிண்ணாக்கிலுள்ள புரதத்தில் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அந்த அம்மோனியாவைக்கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொண்டு பெருகுகின்றன. பிறகு அக்கிருமிகள் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டு அங்கே ஜீரணமாகின்றன. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இவ்விதம் கிருமிகளின் உடலிலிருந்து வருவதேயாம்.

இது கட்டுக்கதையன்று. பின்லாந்து தேசத்தவரும், 1945 ஆம் வருஷத்தில் ரசாயனத்திற்கு நோபல் பரிசு பெற்றவருமான விர்ட்டானென் என்பவர், சில பசுக்களுக்கு இயற்கையான புரதத்தைக் கொடாமல், சுத்தமாக்கிய மாவு, நார், சர்க்கரை இவற்றோடு யூரியாவையும் அம்மோனிய உப்பையும் கொடுத்து வளர்த்தார். அப்பசுக்கள் உயிர் வாழ்ந்ததோடு பாலும் கறந்தன. இதை அவர் 1966 இல் பிரசுரித்தார். பிண்ணாக்கே காணாத பசு பால் கொடுத்ததென்றால், அந்தப் பாலின் புரதத்திற்கு மூலம் முதல் வயிற்றுக் கிருமிகள்தானே! இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டிலே யூரியாவைக் கரைத்து மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். அளவு தப்பினால் மாடு சில மணி நேரத்தில் இறந்துபோகும். நான் இதைச் சொன்னது கிருமிகளின் வேலையை விளக்குவதற்கே.

நிற்க. அம்மோனியாவைக்கொண்டு உடல் கட்ட அக்கிருமிகளுக்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி கம்பு, சோளம், மக்காச்சோளம், தவிடு, பசும்புல் இவற்றிலுள்ள மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. வைக்கோல் தரும் சக்தி மெதுவாக வரும், கொஞ்சமாகவும் வரும். வீடு கட்டுகிற இடத்தில் செங்கல் வண்டி வண்டியாக வந்து குவிகிறது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் எழும்புமா? செங்கல் மழையில் கரைந்து போகும். பிண்ணாக்கு செங்கல், தானிய மாவும் பசும்புல்லும் கூலி. அந்த அம்மாள் செங்கலை மூன்று மடங்காக்கினார். கூலியைக் கூட்டவில்லை. கூட்டச் சொல்லி நானும் சொல்லவில்லை.

அம்மாள் வீட்டுக் கணக்கு

அந்தப் பசுவின் கணக்கை இப்பொழுது போட்டுப் பார்ப்போம். பசுவின் எடை சுமார் 400 கிலோ. அதன் உடம்பைக் காக்க மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 320 கிராம் புரதம் வேண்டும். அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் தீவனத்தில் 85 முதல் 90 கிராம் வரை வேண்டும். 9 லிட்டருக்கு 87 கிராம் வீதம் 783 கிராம். ஆக மொத்தம் சுமார் 1,100 கிராம்.

அம்மாள் போட்டதோ, வைக்கோல் 6 கிலோவில் 215 கிராம். பசும்புல் 8 கிலோவில் 130 கிராம். தவிடு 1 கிலோவில் 110 கிராம். கடலைப் பிண்ணாக்கு 3 கிலோவில் 1,200 கிராம். ஆக 1,655 கிராம். வேண்டியதற்கு மேல் 550 கிராம்.

ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 33 கிராம் புரதம் இருக்கிறது. 9 லிட்டரில் சுமார் 300 கிராம். ஆகவே பசு தின்ற 1,655 கிராமில் பாலுக்கு வந்தது 300. அதாவது நூற்றுக்கு 18. உலகத்துக் கறவைப் பசுக்களைச் சேர்த்துப் பார்த்தால், தின்ற நைட்ரஜனில் பாலுக்கு வருவது நூற்றுக்கு 25 அளவிலிருக்கும் என்று சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். எவ்வளவு திறமையாகத் தீவனம் போட்டாலும் பாதிக்கு மேல் சாணத்திலும் மூத்திரத்திலும் போவது இயற்கை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் 18க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம் நம் கையில் இருக்கிறது.

முதலில் கூட்டிய அரைக் கிலோ, ஒரு கிலோ பிண்ணாக்கு ஏன் பாலைக் கூட்டிற்று, அடுத்த கிலோ ஏன் கூட்டவில்லை என்பது இப்பொழுது விளங்கும். 1 கிலோ பிண்ணாக்கு வைத்த காலத்தில் பசுவுக்குக் கிடைத்த புரதம் 855 கிராம். அது குறைவு. ஆகையால் கூட்டியதும் பால் கூடிற்று. தேவை நிரம்பிய பின் ஊற்றுவது நிறைகுடத்தில் ஊற்றும் தண்ணீர். அது வழிந்தோடும்.

சீமைப் பசுவிலும் இதே நியாயம்

"நம் மாடு ஏழை மாடு, நல்ல ஜாதிப் பசுவாயிருந்தால் எவ்வளவு போட்டாலும் பாலாக்கும்" என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில், நாளொன்றுக்கு 36 லிட்டருக்கு மேல் கறக்கும் பசுக்களை வைத்துப் பரீட்சை ஒன்று செய்து 2006 இல் வெளியிட்டார்கள். தீவனத்தில் புரதத்தை நூற்றுக்கு 13.5, 15, 16.5, 17.9, 19.4 என்று ஐந்து படிகளாக உயர்த்தினார்கள். பால் 16.5 என்ற படிவரையில் ஏறிற்று. அதற்கு மேல் இரண்டு படிகளிலும் ஏறவில்லை. சற்றுக் குறைந்தே இருந்தது. தின்ற நைட்ரஜனில் பாலுக்கு வந்த பங்கு, முதற்படியில் நூற்றுக்கு 36 ஆக இருந்தது கடைசிப் படியில் 25 ஆகக் குறைந்தது. மூத்திரத்தில் போன பங்கோ 24 இலிருந்து 36க்கு ஏறிற்று. பாலுக்கு வரவேண்டியது மூத்திரக் கால்வாய்க்குப் போயிற்று என்பதே இதன் பொருள்.

அவ்வளவு பால் கறக்கும் பசுவுக்கே 16, 17 போதுமென்றால், 8 லிட்டரும் 10 லிட்டரும் கறக்கும் நம் பசுவுக்கு மொத்தத் தீவனத்தில் 12 முதல் 14 வரை இருந்தால் போதும். மொத்தத் தீவனம் என்பதைக் கவனியுங்கள். வைக்கோல், புல், தவிடு, பிண்ணாக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுகிறேன். கலப்புத் தீவன மூட்டையை மட்டும் அன்று.

மிஞ்சிய நைட்ரஜன் எங்கே போகிறது?

முதல் வயிற்றில் கிருமிகளால் பயன்படுத்த முடியாத அம்மோனியா இரத்தத்தில் கலக்கிறது. அம்மோனியா விஷம். ஆகையால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. இந்த வேலைக்கும் பசு தன் சக்தியைச் செலவு செய்ய வேண்டும். பாலுக்குப் போகவேண்டிய சக்தி, நாம் அதிகமாகக் கொடுத்ததைக் கழிப்பதற்குச் செலவாகிறது. யூரியாவில் கொஞ்சம் உமிழ்நீர் வழியாக வயிற்றுக்குத் திரும்புகிறது; கொஞ்சம் பாலிலும் வருகிறது; பெரும்பகுதி மூத்திரத்தில் போகிறது.

மூத்திரம் தரையில் விழுந்ததும் சாணத்திலுள்ள கிருமிகளின் வேலையால் யூரியா மறுபடியும் அம்மோனியாவாகிக் காற்றில் பறக்கிறது. விடியற்காலையில் தொழுவத்துக்குள் போனதும் கண் கரிக்கிறதே, மூக்கில் நெடி ஏறுகிறதே, அது நம் பணத்தின் நெடி. மிச்சம் மண்ணில் இறங்கினால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுத் தண்ணீரில் சேரும். ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாகும். பூமியைச் சூடேற்றுவதில் இவ்வாயு கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வலியது.

அம்மாளின் பசு சினை பிடிக்காததற்கு எல்லாப் பழியையும் பிண்ணாக்கின்மேல் போடுவது நியாயமன்று. தாது உப்புக் குறைவு, பருவம் தவறி ஊசி போடுதல் முதலிய பல காரணங்கள் உண்டு. ஆயினும் இரத்தத்தில் யூரியா மிக அதிகமான பசுக்கள் சினை நிற்பது குறைவு என்று அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையார் 1996 இல் கண்டு எழுதினார்கள். சினை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அடுத்த கன்றும் அடுத்த கறவையும் ஒரு மாதம் தள்ளிப்போகின்றன. தவணை மட்டும் தள்ளிப்போவதில்லை.

குறைத்தாலும் கேடுதான்

நான் சொல்லுவதைக் கேட்டு, "இன்ஸ்பெக்டர் பிண்ணாக்கு வேண்டாமென்றார்" என்று யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். அது முதல் தவறைவிடப் பெரிய தவறாகும். நம் பக்கங்களில் மிகைத் தீவனத்தால் கெடும் மாடு ஒன்றானால், வெறும் வைக்கோலால் கெடும் மாடு பல. மொத்தத் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 7க்குக் கீழே போனால் முதல் வயிற்றுக் கிருமிகளுக்கே உணவு போதாது. அவை குறைந்தால் வைக்கோலும் ஜீரணமாகாது. மாடு தின்னும் அளவும் குறையும். கோடையில் வைக்கோல் கட்டு முன்னே கிடக்க, மாடு மெலிந்து நிற்பதன் காரணம் இதுவே. அத்தகைய மாட்டுக்கு அரைக் கிலோ பிண்ணாக்கோ, நாலு கிலோ வேலிமசாலோ போட்டால் அது அந்தப் புரதத்தை மட்டுமன்றி வைக்கோலையும் சேர்த்துப் பாலாக்கும். பிண்ணாக்குக்கு மிகுந்த லாபம் தரும் இடம் அதுவே.

ஆகவே கேள்வி "அதிகமா, குறைவா?" என்பதன்று. "இந்தப் பசுவுக்கு, இந்த மாதத்தில், இவ்வளவு பாலுக்கு எவ்வளவு?" என்பதே.

செய்யவேண்டியவை

முதலாவது, பசுவின் எடையை அறியுங்கள். தராசு வேண்டியதில்லை, தையற்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்தட்டு எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். சுற்றளவு 66, நீளம் 60 ஆனால் எடை 396 கிலோ.

இரண்டாவது, தீவனத்தைக் கைப்பிடியாலும் படியாலும் போடாமல் நிறுத்துப் போடுங்கள். தேங்காய்ப் பிண்ணாக்கும் தவிடும் ஒரே படியில் ஒரே எடை நிற்காது. பாலையும் காலை, மாலை அளந்து எழுதி வையுங்கள். எழுத்தறியாதவர்கள் வீட்டுக் குழந்தைகளைக்கொண்டு சுவரில் எழுதலாம்.

மூன்றாவது, பிண்ணாக்கோடு கூலியையும் சேருங்கள். கம்பு, சோளம், மக்காச்சோளம் இவற்றில் அகப்படுவதை உடைத்து மாவாக்கிப் பிண்ணாக்கோடு கலந்து வையுங்கள். ஆனால் தானிய மாவையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. வயிறு புளித்து மாடு படுத்துவிடும். வாரத்துக்குக் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரு வேளையில் போடுவதை இரண்டு, மூன்று வேளைகளாகப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் அம்மோனியா ஒரே சமயத்தில் பொங்கி வழியாது.

நான்காவது, ஒரே பிண்ணாக்கை நம்பாதீர்கள். கடலைப் பிண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றில் வெகு சீக்கிரத்தில் சிதையும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் ஒரு பகுதி சிதையாமல் தப்பி அடுத்த வயிற்றுக்குப் போகும். இரண்டையும் கலந்தால் நன்மை உண்டு. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை எக்காரணத்தாலும் போடாதீர்கள். அப்பூசணத்தின் விஷம் பாலிலும் வந்து குழந்தைகளைச் சேரும்.

ஐந்தாவது, வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால் பயிரிடுங்கள். கடைக்காரனிடம் விலை கொடுத்து வாங்கும் நைட்ரஜனை அகத்தி வேர் காற்றிலிருந்து இலவசமாக வாங்கித் தருகிறது.

ஆறாவது, எவ்வளவு கவனித்தாலும் மூத்திரத்தில் ஒரு பகுதி போகத்தான் செய்யும். அதையாவது நிலத்துக்குக் கொண்டு சேருங்கள். தொழுவத்தில் உலர்ந்த மண்ணையோ, மாடு கழித்த வைக்கோல் கூளத்தையோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது வாரி எருக்குழியில் போட்டு மேலே மண் மூடுங்கள். சாணத்தைப் போற்றி மூத்திரத்தைச் சாக்கடையில் விடுவது, தேங்காயை உடைத்து இளநீரைக் கொட்டிவிட்டு ஓட்டைப் பத்திரப்படுத்துவது போலாகும்.

ஏழாவது, சங்கமாகச் செய்யக்கூடியது. 1965 இல் குஜராத்து ஆனந்தில் நிறுவப்பட்ட தேசிய பால்வள அபிவிருத்தி வாரியத்தார், 2012 முதல் பல மாகாணங்களில் கிராமத்தவர் ஒருவரையே பழக்கி, வீடு வீடாகச் சென்று பசுவை அளந்து அதற்கு ஏற்ற தீவனத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஏற்பாட்டை நடத்தினார்கள். நம் சங்கத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருவரோ வாலிபர் ஒருவரோ முன்வந்தால், கால்நடை டாக்டரிடம் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒரு நாடாவும், ஒரு தொங்கு தராசும், ஒரு நோட்டுப் புத்தகமும் சங்கத்துக்குப் பெரிய செலவல்ல.

இதையெல்லாம் நான் சொன்னதற்காக நம்பவேண்டாம். ஒரு முறை என்னை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டது போதும். பரீட்சை செய்து பாருங்கள். நல்ல கறவையிலுள்ள பசுவுக்குப் போடும் பிண்ணாக்கில் கால் கிலோ குறைத்து, அதற்கு ஈடாகத் தானிய மாவு சேர்த்து, பத்து நாள் பாலை அளந்து எழுதுங்கள். பால் குறையவில்லையானால் மேலும் கால் கிலோ குறையுங்கள். குறைந்தால் பழையபடி கூட்டிவிடுங்கள். எந்த இடத்தில் நிற்கவேண்டுமென்பதை உங்கள் பசுவே சொல்லும். அது பொய் சொல்லாது.

முடிவு

அந்த அம்மாளின் கதையை முடித்துவிடுகிறேன். நான் கால்நடை டாக்டரை அழைத்துக்கொண்டு மறுபடியும் அவ்வீட்டுக்குப் போனேன். அவர் பசுவை அளந்து, தொட்டியைப் பார்த்து, பிண்ணாக்கைச் சிறிது சிறிதாக ஒன்றரைக் கிலோவுக்குக் குறைக்கச் சொன்னார். 1 கிலோ கம்பு மாவும் தாது உப்பும் சேர்க்கச் சொன்னார். அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "குறைத்துப் பாலும் குறைந்தால் யார் பொறுப்பு ஐயா?" என்றார். நான் தலைகுனிந்து, "நானே பொறுப்பு அம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

பால் குறையவில்லை, 9 லிட்டரே நின்றது. தீவனத்தில் புரதம் 1,655 கிராமிலிருந்து சுமார் 1,160 கிராமுக்கு இறங்கிற்று. பாலுக்கு வந்த பங்கு நூற்றுக்கு 18 இலிருந்து 26க்கு ஏறிற்று. தொழுவத்து நெடியும் தணிந்தது. நாளொன்றுக்கு மிச்சமான நைட்ரஜன் சுமார் 79 கிராம். 300 நாள் கறவைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 24 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம்தான். அதாவது, பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தால், அந்த அம்மாள் ஒரு கறவைக் காலத்தில் ஒரு மூட்டை யூரியாவுக்கு மேற்பட்ட சத்தைப் பிண்ணாக்கு விலை கொடுத்து வாங்கிச் சாக்கடையிலும் காற்றிலும் விட்டிருப்பார். மிச்சமான பிண்ணாக்கோ 450 கிலோ. கடையில் இன்றைக்கு என்ன விலையோ அதால் பெருக்கி, சேர்த்த கம்பின் விலையைக் கழித்துப் பாருங்கள். அதன் பின் உங்கள் தவணைத் தொகையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அம்மாள் பாக்கித் தவணைகளை அடுத்த எட்டு மாதத்தில் சிறிது சிறிதாகக் கட்டினார். அதற்குள் பசுவும் சினையாயிற்று. கடைசித் தவணைக்கு ரசீது எழுதிக் கொடுத்தபோது அவர் என்னிடம், "ஐயா, இனி எந்த ஊரில் பேசினாலும், கைதட்டினார்களா என்று பார்க்காதீர்கள், கணக்குப் போட்டார்களா என்று பாருங்கள்" என்றார். நான் படித்த எந்தப் பாடத்தையும்விட அது எனக்குப் பெரிய பாடம்.

ஆகையால் கனவான்களே, தாய்மார்களே, இந்தப் பிரசங்கம் முடிந்ததும் கைதட்டவேண்டாம். நாளைக் காலையில் தொட்டியில் போடும் பிண்ணாக்கை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் நான் தவணைக் கணக்குப் பார்க்க வரும்போது, உங்கள் பால் கணக்கையும் என்னிடம் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.